சும்மா இருக்கப் பழகுங்கள்: டரான்டுலா வளர்ப்போருக்குப் பன்னிரண்டு அறிவுரைகள்

டரான்டுலா வளர்க்கத் தொடங்கியிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

இந்தச் சிலந்திக்குச் செலவு குறைவு. வேலை அதைவிடக் குறைவு. ஒரு பெட்டி, கொஞ்சம் தேங்காய் நார்த்தூள், ஒரு கிண்ணம் தண்ணீர், அவ்வப்போது ஒரு பூச்சி. இருந்தும் புதியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பெரும்பாதி சட்டை உரிப்பதைப் பற்றியே இருக்கின்றன. எப்போது உரிக்கும்? ஏன் இன்னும் உரிக்கவில்லை? இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? முதல் இரண்டுக்கும் தேதி போட்டுப் பதில் சொல்ல யாராலும் முடியாது. மூன்றாவதற்குச் சொல்லலாம்: அந்த நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. தேவையானவை எல்லாம் அதற்கு முன்பே செய்து முடித்திருக்க வேண்டியவை. அவற்றையும், செய்யவே கூடாதவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன்.

1. நாள் குறிக்காதீர்கள்.

சிலந்திக்கு எலும்புக்கூடு வெளியே இருக்கிறது. கைட்டினும் புரதமும் சேர்ந்து இறுகிய அந்த ஓடு தானாகப் பெரிதாகாது. உள்ளே இருக்கும் உடல் வளர வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டாக வேண்டும். குஞ்சாக இருக்கும்போது வளர்ச்சி வேகமாக இருப்பதால் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை உரிக்கும். இளம் பருவத்தில் இடைவெளி சில மாதங்களாக நீளும். வளர்ந்த பெண் சிலந்தி ஆண்டுக்கு ஒருமுறை உரித்தாலே சரி; இரண்டு ஆண்டு எடுத்துக்கொள்வதும் உண்டு. இனத்துக்கு இனம் இந்தக் கணக்கு மாறும். மெக்சிகோவின் செம்முழங்கால் சிலந்தியான பிராக்கிபெல்மா ஹமோரியும், தென் அமெரிக்காவின் கிராமோஸ்டோலா வகைகளும் மெதுவாக வளர்பவை. மரத்தில் வாழும் பல இனங்கள் வேகமாக வளர்ந்துவிடும். பக்கத்து வீட்டுச் சிலந்தி உரித்துவிட்டது என்று உங்களுடையதை முறைத்துப் பார்ப்பதில் பயனில்லை.

2. ஒரே ஓர் அறிகுறியை நம்பாதீர்கள். பலவற்றைச் சேர்த்துப் பாருங்கள்.

உரிக்கப்போகும் சிலந்தி இரையை மறுக்கும், நடமாட்டத்தைக் குறைக்கும். அதன் நிறம் மங்கிப் புழுதி படிந்ததுபோல் தெரியும். வயிறு உப்பிப் பளபளக்கும். சில இனங்கள் வளையின் வாயை மண்ணும் இழையும் கொண்டு அடைத்துவிட்டு உள்ளேயே இருந்துகொள்ளும். அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த பல இனங்கள் ஆபத்து வந்தால் வயிற்றிலிருந்து அரிப்பு முடிகளைக் காலால் உதறிவிடும். அப்படி உதறிய இடம் வழுக்கையாகத் தெரியும். சாதாரண நாளில் அந்த வழுக்கை வெளிறிய நிறத்தில் இருக்கும். பழைய தோலுக்கு அடியில் புது முடிகள் முளைத்ததும் அது கறுத்துவிடும். புதியவர்களுக்குக் கிடைக்கும் அறிகுறிகளில் இதுதான் தெளிவானது. வழுக்கை நன்றாகக் கறுத்துவிட்டால், சில நாளிலோ சில வாரத்திலோ உரித்துவிடும் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆசிய, ஆப்பிரிக்க இனங்களுக்கு அரிப்பு முடி கிடையாது. அவற்றில் இந்த வழுக்கையைத் தேடாதீர்கள்.

3. சாப்பிடவில்லை என்று பதறாதீர்கள்.

“மூன்று மாதமாக ஒன்றும் தின்னவில்லை, செத்துவிடுமா?” என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வயிறு எப்படி இருக்கிறது? முன்னுடலைவிடச் சற்றுப் பெரிதாகவும் உருண்டையாகவும் இருந்தால் அது பட்டினி கிடக்கவில்லை, காத்திருக்கிறது. சிலி ரோஸ் என்று விற்கப்படும் கிராமோஸ்டோலா வகை பல மாதம் உண்ணாமல் இருப்பதற்குப் பேர்போனது. வயிறு சுருங்கி முன்னுடலைவிடச் சிறியதாகிவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர்க் கிண்ணத்தை. மற்றபடி வாரம் ஒருமுறை இரையைக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். பெரியவர்கள் ஊட்டி ஊட்டிக் குழந்தையைச் சாப்பிட வைப்பது நம் வீட்டு வழக்கம். சிலந்தியிடம் அந்த வழக்கம் செல்லாது.

4. மறுத்த இரையை உள்ளே விட்டுவைக்காதீர்கள்.

இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். சட்டை உரிக்கும் சிலந்தி மல்லாந்து கிடக்கும். அதன் புதுத் தோல் மிருதுவாக இருக்கும். பற்களும் வேலைக்கு ஆகாது. அந்த நிலையில் பெட்டிக்குள் ஒரு சிள்வண்டு சுற்றினால் அது சிலந்தியைக் கடித்துத் தின்ன ஆரம்பிக்கும். இரை வேட்டைக்காரனைக் கொல்லும் நேரம் அதுதான். இரை போட்ட மறுநாளும் அது உயிரோடு திரிந்தால் இடுக்கியால் எடுத்து வெளியே போடுங்கள். மண்ணுக்குள் புகுந்துகொள்ளும் புழுக்களைத் தலையை நசுக்கிவிட்டுக் கொடுங்கள். இரண்டு பூச்சிகளைப் போட்டிருந்தால் இரண்டையும் கணக்குப் பார்த்துவிட்டு மூடியைச் சாத்துங்கள்.

5. தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பி வையுங்கள், பெட்டியைச் சேறாக்காதீர்கள்.

சிலந்தியின் காலில் முக்கியமான இரண்டு மூட்டுகளை நீட்டுவதற்குத் தசை இல்லை. உடலுக்குள் இருக்கும் குருதித் திரவத்தை அழுத்தித்தான் கால்களை நீட்டுகிறது. பழைய ஓட்டைப் பிளப்பதும் அதே அழுத்தத்தால்தான். உடலில் நீர் குறைந்தால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் பாதியில் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் உரிப்பதற்கு முந்தைய வாரங்களில் குடிக்கத் தண்ணீர் இருப்பது சோற்றைவிட முக்கியம். காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் கருவியை வாங்கி வைத்து, எண் குறைந்தது என்று காலையும் மாலையும் தெளித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஈரமான காடுகளைச் சேர்ந்த இனம் என்றால் நார்த்தூளின் ஓர் ஓரத்தை நனைத்து வையுங்கள். வறண்ட நிலத்து இனத்துக்குக் கிண்ணமே போதும். காற்றோட்டமில்லாத ஈரத்தில் பூஞ்சையும் சிற்றுண்ணிகளும்தான் பெருகும். சிலந்தியின்மேல் நேரடியாகத் தண்ணீர் தெளிப்பது எந்தக் காலத்திலும் கூடாது.

6. அவசரப்படுத்தச் சூடும் தீனியும் கொடுக்காதீர்கள்.

வெப்பமும் தீனியும் கூடினால் இடைவெளி குறையும் என்பது உண்மைதான். அதற்காக வெப்பத் தகட்டைப் பெட்டிக்கு அடியில் வைத்தால், வெயிலுக்குப் பயந்து மண்ணைத் தோண்டும் சிலந்தி சூட்டை நோக்கியே தோண்டும், அடிமண்ணும் காய்ந்துவிடும். நமக்கு இதமாக இருக்கும் அறை அதற்கும் இதம்தான். 22 முதல் 28 பாகை செல்சியஸ் பெரும்பாலான இனங்களுக்கு ஏற்றது. தீனியால் வயிறு அளவுக்கு மீறி ஊதினால் இன்னோர் ஆபத்து வருகிறது. ஊதிய வயிற்றோடு கண்ணாடியில் ஏறி விழுந்தால் வயிறு வெடித்துவிடும். தரையில் வாழும் இனத்துக்கு மண்ணிலிருந்து மூடிவரை உள்ள உயரம், கால் விரித்த அகலத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் வேண்டாம். இந்த உயரத்தைச் சரிசெய்வது, பெட்டி மாற்றுவது எல்லாம் அறிகுறி தோன்றுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டிய வேலைகள்.

7. மல்லாந்து கிடந்தால் அழாதீர்கள். அதைத் திருப்பிப் போடவும் செய்யாதீர்கள்.

முதல்முறை பார்ப்பவர்கள் எல்லாரும் செத்துவிட்டது என்றே நினைக்கிறார்கள். சிலந்தி சாகும்போது பெரும்பாலும் மல்லாந்து கிடக்காது. நிமிர்ந்த நிலையிலேயே கால்கள் உடலுக்கு அடியில் சுருண்டுகொள்ளும். அழுத்தம் போய்விட்டதால் மடக்கும் தசைகள் மட்டும் மிஞ்சி இழுப்பதன் விளைவு அது. உரிக்கப்போகும் சிலந்தியோ முதலில் தரையில் இழையால் பாய் ஒன்றை நெய்யும். தெரபோசா போன்ற பேரினங்கள் எறும்பும் ஈயும் நெருங்காதபடி அரிப்பு முடிகளையும் அதில் சேர்த்து நெய்யும். பிறகு அந்தப் பாயின்மேல் மெதுவாகப் புரண்டு மல்லாந்துகொள்ளும். சில சமயம் பக்கவாட்டில் படுத்தும் உரிக்கும். மணிக்கணக்கில் அசைவே இருக்காது. இழைப் பாயும் மல்லாந்த உடலும் இருந்தால் நல்ல செய்திதான். இரக்கப்பட்டுத் திருப்பிப் போட்டவர்களால் இறந்த சிலந்திகள் ஏராளம்.

8. உரிக்கும்போது பாருங்கள், தொடாதீர்கள்.

நாம் காணும் சில மணி நேரத்துக்கு முன்பே, பல நாளாக உள்ளே வேலை நடந்திருக்கிறது. எக்டைசோன் என்னும் சுரப்பு முடுக்கிவிட, புதுத் தோல் பழைய தோலிலிருந்து பிரிந்து வளர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஊறும் திரவம் பழைய தோலின் உட்புறத்தைக் கரைத்து மெலிதாக்கியிருக்கிறது. கரைந்த சத்தைச் சிலந்தி திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. நேரம் வந்ததும் இதயம் வேகமாகத் துடிக்கிறது. வயிற்றிலிருக்கும் திரவம் முன்னுடலுக்குப் பாய்கிறது. முன்னுடல் ஓடு விளிம்போரமாகப் பிளந்து எழும்புகிறது. அடுத்து வயிற்றின் தோல் பிளந்து சுருங்குகிறது. கடைசியாக எட்டுக் கால்களும், இரு உணர்கொம்புக் கால்களும், பற்களும் விட்டு விட்டு உந்தி உந்தி வெளியே வருகின்றன. குஞ்சுக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடலாம். பெரிய சிலந்திக்குப் பல மணி நேரம் ஆகும். பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் மாமன்மாருக்கு என்ன வேலையோ அதுதான் நமக்கும். பெட்டியை நகர்த்தாதீர்கள், ஊதிப் பார்க்காதீர்கள், விளக்கை அருகில் கொண்டுபோகாதீர்கள். படம் எடுக்க வேண்டுமானால் தள்ளி நின்று எடுங்கள்.

9. சிக்கிக்கொண்டால்கூடக் கை வைக்கும் முன் யோசியுங்கள்.

உந்துவதும் ஓய்வதுமாகத்தான் இது நடக்கும். ஓய்வை நீங்கள் தோல்வி என்று நினைத்துவிடக் கூடாது. பல மணி நேரமாக ஓடு பிளந்தபடியே இருந்து, முன்னேற்றமே இல்லாமல், புதுத் தோல் இறுகத் தொடங்கிவிட்டால் மட்டுமே சிக்கல் என்று கொள்ளுங்கள். அப்போதும் இழுப்பது தவறு. மெல்லிய தூரிகையால் வெதுவெதுப்பான நீரை ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய தோலில் மட்டும் தடவி மிருதுவாக்கலாம். மூச்செடுக்கும் பகுதி வயிற்றின் அடிப்புறத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் படக் கூடாது. அனுபவமுள்ளவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது. ஒரு கால் மாட்டிக்கொண்டால் சிலந்தியே அதைக் கழற்றிவிடக்கூடும். ஒரு காலை இழந்து பிழைப்பது பெரிய இழப்பே அல்ல. அடுத்த உரிப்பில் சிறியதாக ஒரு கால் முளைக்கும். அதற்கடுத்த உரிப்புகளில் அது மற்றக் கால்களோடு சமமாகிவிடும். குஞ்சும் இளம் சிலந்தியும் இதை எளிதில் ஈடுகட்டிவிடுகின்றன.

10. உரித்து முடிந்த பிறகுதான் பொறுமைக்கு உண்மையான சோதனை.

புத்தம் புது நிறத்தோடு, முன்பைவிடப் பெரிதாகச் சிலந்தி நிற்கும்போது விருந்து வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். அதன் பற்களைப் பாருங்கள்: முதலில் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவக்கும், கடைசியில் கறுக்கும். கறுத்து இறுகும்வரை அவற்றால் இரையைக் குத்த முடியாது. இரைதான் அதைக் காயப்படுத்தும். குஞ்சுக்கு நான்கைந்து நாள், வளர்ந்ததற்குப் பத்து நாள் முதல் இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐயமிருந்தால் இன்னும் சில நாள் தள்ளிப்போடுங்கள். பசியில் அது செத்துவிடாது. முதல் இரை சிறியதாக இருக்கட்டும். தண்ணீர் மட்டும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். உரித்ததும் கிண்ணத்தின்மேல் கவிழ்ந்து நெடுநேரம் குடிக்கும் சிலந்திகள் நிறைய. கையில் எடுத்து விளையாடுவதை எப்போதுமே நான் ஆதரிப்பதில்லை. இந்த நாட்களில் அது கொடுமை.

11. உரித்துப் போட்ட சட்டையைப் படியுங்கள். அதைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள்.

உரிந்து வருவது வெளித்தோல் மட்டுமல்ல. பற்களும், உணவை உறிஞ்சும் இரைப்பையின் உட்பூச்சும், ஏட்டு நுரையீரல்களின் உட்பூச்சும் கூடவே கழன்று வரும். ஆணா பெண்ணா என்பதற்கு வீட்டிலேயே கிடைக்கும் உறுதியான சான்று இந்தச் சட்டைதான். அதைத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து ஊறவையுங்கள். வயிற்றுப் பகுதியை மெதுவாக விரியுங்கள். முன் ஜோடி நுரையீரல் தடங்களுக்கு நடுவே விந்துப்பை மடலாக எழுந்து நின்றால் பெண். இல்லையென்றால் பெரும்பாலும் ஆண்; மிகச் சிறு குஞ்சில் பூதக்கண்ணாடிக்கும் தெரியாமல் போகலாம், அடுத்த சட்டைக்குக் காத்திருங்கள். விந்துப்பையின் பூச்சும் கழன்றுவிடுவதால், இணை சேர்ந்த பெண் முட்டையிடும் முன் சட்டை உரித்தால் அந்த இணைசேர்க்கை வீண்.

அரிப்பு முடிகள் உரித்த சட்டையிலும் ஒட்டியிருக்கும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் சிலி ரோஸ் வளர்த்த இளைஞர் ஒருவர் கண்ணாடித் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சிலந்தி உதறிய முடிகள் அவர் கண்ணின் கருவிழியில் தைத்தன. 2010-ல் லான்செட் மருத்துவ இதழில் அது பதிவானது. தொட்டியைத் திறக்கும்போது கண்ணாடி அணியுங்கள். வேலை முடிந்ததும் கையைக் கழுவும்வரை முகத்தைத் தொடாதீர்கள்.

12. குறிப்பேடு ஒன்று வையுங்கள். பிறந்த கணக்கு தெரிந்த சிலந்தியையே வாங்குங்கள்.

இரை கொடுத்த தேதி, மறுத்த தேதி, உரித்த தேதி, கால் விரித்த அகலம். இந்த நான்கையும் எழுதினால் போதும். மூன்று நான்கு உரிப்புகளுக்குப் பிறகு உங்கள் சிலந்தியின் நடை உங்களுக்கே பிடிபடும். ஆராய்ச்சியாளர்களும் இதைத்தான் செய்தார்கள். ஆர்கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் வில்லியம் பேர்க் ஆண்டுக்கணக்கில் டரான்டுலாக்களைக் கவனித்து எழுதிய நூல் 1958-ல் வந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் பார்பரா யார்க் மெயின் 1974-ல் தொடங்கிய ஆய்வில் 16-ஆம் எண் இட்ட கதவுச்சிலந்தி, டரான்டுலாவின் தூரத்து உறவு, 43 ஆண்டு வாழ்ந்தது. அதன் வளையைத் தோண்டாமல், போய்ப் போய்ப் பார்த்து எழுதியதால்தான் அந்த வயது நமக்குத் தெரிகிறது.

குறிப்பேட்டில் ஒரு நாள் வேறுமாதிரியான வரி ஒன்றும் எழுத நேரலாம். ஆண் சிலந்தி கடைசியாக உரிக்கும்போது உணர்கொம்புக் கால்களின் நுனி பருத்து வரும். பல இனங்களில் முன்கால்களில் கொக்கியும் தெரியும். அதன்பின் அது சட்டை உரிப்பதில்லை. சில மாதமோ, ஓராண்டை ஒட்டியோ வாழ்ந்து முடிந்துவிடும். பல இனங்களில் பெண் 20 ஆண்டுக்கு மேலும் உரித்துக்கொண்டே இருக்கும். இதை வாங்கும்போதே தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

பெட்டியில் பிறந்து, இத்தனை முறை உரித்தது என்ற கணக்கோடு வரும் குஞ்சே நல்லது. காட்டில் பிடித்ததற்கு வயதும் தெரியாது, உள்ளே ஒட்டுண்ணி இருப்பதும் தெரியாது. நம் பக்கத்துச் சிலந்திகளைப் பிடித்து வளர்க்கும் எண்ணமே வேண்டாம். ராமேசுவரத்திலிருந்து 2004-ல் பெயரிடப்பட்ட பொசிலோதீரியா ஹனுமவிலாசுமிகாவும், ஆந்திரத்தின் நீலச் சிலந்தியான பொசிலோதீரியா மெட்டாலிகாவும் அழிவின் விளிம்பில் இருப்பவை. இந்தப் பேரினம் முழுவதும் 2019 முதல், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவில் வசிப்பவர்கள் 2022-ல் திருத்தப்பட்ட வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தைப் பார்த்து, பதிவும் ஆவணமும் சரியாக இருந்தால் மட்டுமே எந்த இனத்தையும் வாங்க வேண்டும்.

பன்னிரண்டையும் திரும்பிப் பாருங்கள். சிலந்தி சிக்கிக்கொண்டாலொழிய, உரிக்கும் நேரத்தில் உங்களைச் செய்யச் சொல்லி ஒரு வேலைகூட இவற்றில் இல்லை. இந்தக் காரியத்தைச் செய்ய நம் உதவி தேவைப்பட்டிருந்தால் சிலந்தி இனம் இத்தனை கோடி ஆண்டு தாண்டி வந்திருக்காது. மூடியைத் திறக்கக் கை பரபரக்கும்போது இரண்டை மட்டும் பாருங்கள்: கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறதா, உள்ளே பூச்சி ஏதும் இல்லையா. இரண்டும் சரியென்றால் மூடியைத் தொடாமல் உங்கள் வேலையைப் பார்க்கப் போங்கள்.